ஹூஸ்டன் சனிக்கிழமைகள்: நோ-லிமிட் போக்கர் நாட்குறிப்பு

2024 ஜனவரி 6, சனி

நண்பர் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி ஒன்பது பேர். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம், 25 சென்ட், 50 சென்ட். ஆளுக்கு 50 டாலர் சிப். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நோ-லிமிட் என்பதால் தன் முறை வந்தவர் எந்தச் சுற்றிலும் தன் முன்னால் இருப்பது அத்தனையையும் நடுவில் தள்ளலாம். பத்து மணிக்கே என் சிப்புகள் தீர்ந்துவிட்டன.

காரணத்தை வீடு திரும்பும் வழியெல்லாம் தேடினேன். ரம்மியில் பழகிய கை இது. அங்கே தொடக்கத்திலேயே ஸ்கூட் விட்டு விலகினாலும் 20 புள்ளி ஏறும். அந்தப் பயத்தில் சுமாரான சீட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே பிளைண்ட் கட்டாதவருக்கு ஸ்கூட் இலவசம். மேசை ஒரு முறை சுற்றி வர ஒன்பது ஆட்டம். கட்டாயச் செலவு வெறும் 75 சென்ட். நானோ கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் இறங்கினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. ஜோடி வருவது 17 ஆட்டத்துக்கு ஒன்று, ஏஸ் ஜோடி 221-க்கு ஒன்று. ஆனால் சீட்டுக்குச் சமமாக இருக்கையும் பேசுகிறது. டீலர் பொத்தான் (ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்தவருக்கு நகரும் அடையாள வில்லை) யாரிடம் இருக்கிறதோ, அவர் ஃபிளாப்புக்கு (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) பிறகு எல்லோருடைய முடிவையும் பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுக்கிறார். முதலில் பேசும் இருக்கையில் ஏஸும் பத்தும் வந்தால் இனி விட்டுவிடுவேன். பொத்தானில், முன்னே இருப்பவர்கள் எல்லோரும் விலகியிருந்தால், அதே கையோடு ரைஸ் செய்வேன், அதாவது பந்தயத்தை உயர்த்துவேன்.

ஜனவரி 13, சனி

ஏஸ் ஜோடி வந்தது. ஆட்களை விரட்டிவிடக் கூடாதே என்று 1 டாலருக்கு மட்டும் ரைஸ் செய்தேன். நால்வர் கூடவே வந்தார்கள். ஒரே எதிரி என்றால் ஏஸ் ஜோடி சராசரியாக 85 சதவீதம் வெல்லும். நால்வர் என்றால் 56 சதவீதம்தான். ஃபிளாப்பில் 9, 8, 3. ஒருவர் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனார், நானும் விடவில்லை. அவரிடம் ஒன்பதும் எட்டும், ஆக இரண்டு ஜோடி. 50 டாலரும் போயிற்று.

வெறும் ஒரு ஜோடிக்காக 100 பெரிய பிளைண்டைக் கொட்டிய இடம்தான் மனத்தை அறுக்கிறது. தொடக்கத்தில் 2 டாலராவது கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 20, சனி

டர்ன் (நடுவில் நான்காவது சீட்டு) விழுந்தபோது, நடுவில் இருப்பதையும் சேர்த்து என்னிடம் நான்கு கிளாவர்; ஐந்தாவது வந்தால் ஃபிளஷ், ஜோடிகளை வெல்லும் கை. நடுவில் 12 டாலர். எதிராளி 6 வைத்தார். பார்க்காத 46 சீட்டில் எனக்கு உதவுவது 9, ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இந்த 6 டாலர் கட்டுப்படியாக, வென்றால் 25 டாலராவது கிடைக்க வேண்டும். நடுவில் இருப்பது 18, அவரிடம் மீதம் 5. மொத்தம் 23. விட்டுவிட்டேன். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) கிளாவர் வந்தது. அப்போதும் கணக்கு சரிதான்.

பிப்ரவரி 3, சனி

ஆட்டம் இல்லை. 2003 உலகப் போக்கர் தொடரின் இறுதிப் போட்டியைப் பார்த்தேன். 839 பேரில் கடைசி இருவர்: டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபர்ஹாவும். மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும்; இஸ்பேடும் சேரவில்லை, வரிசையும் சேரவில்லை. ஆனாலும் ரிவரில் அத்தனையையும் தள்ளினார். ஒன்பதில் ஒரு ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். டர்னிலேயே மணிமேக்கர் ரைஸ் செய்திருந்ததால் ரிவரில் தள்ளியது அதன் தொடர்ச்சியாகவே தெரிந்தது. ஜோடியை விட்டுவிடத் தெரிந்த ஒருவர் எதிரே இருந்ததும் காரணம். எங்கள் மேசையில் அப்படிப்பட்டவர்கள் இருவர்தான். மற்றவர்களிடம் இப்படி வெறுங்கையோடு பணத்தைத் தள்ளி மிரட்டும் பிளஃப் செய்யப் போவதில்லை.

பிப்ரவரி 10, சனி

மறுபடியும் ஏஸ் ஜோடி. இம்முறை 2.50 டாலர் கேட்டேன். ஒருவர் மட்டும் வந்தார், இரவெல்லாம் சீட்டை விட்டுக்கொண்டே இருந்தவர். ஃபிளாப்பிலும் டர்னிலும் நான் வைத்ததற்கு ஈடு கொடுத்தார். ரிவரில், நடுவில் நான்காவது ஆட்டின் விழுந்ததும் மீதம் இருந்த அத்தனையையும் தள்ளினார். என்னிடம் ஆட்டின் இல்லை. இரண்டு ஏஸையும் கவிழ்த்து நகர்த்தினேன். அவர் தன் சீட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.