தரை தசையான கதை

தேயிலைத் தோட்டத்தை வைத்து மர்ம நாவல் எழுதத் தொடங்கி நாலு மாசம். ஐந்தாம் அத்தியாயத்தில் அப்படியே நிற்கிறது. அதில் வரும் ரகசியக் கூட்டத்தின் சங்கேத எழுத்தோடுதான் இவ்வளவு நாளும் மல்லுக்கட்டல்.

கதை தொடங்குவது இலங்கையின் லூல்கந்துரவில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். தொரைமாருக்குத் தெரியாமல் அங்கே ஒரு கூட்டம் கூடியது என்பது என் கற்பனை. எழுத்துக்கு பிரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் கையாண்ட பன்றிப்பட்டி முறையை எடுத்தேன். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்டால் ஒன்பது அறை. அறையின் சுவர்தான் அதிலுள்ள எழுத்துக்குக் குறி. இன்னொரு கட்டம் போட்டுப் புள்ளி வைத்தால் இன்னும் ஒன்பது. ஆக 18, நம் மெய்யெழுத்து அத்தனையும்! பெருக்கல் குறியில் நாலு அறை. புள்ளியில்லாமல், ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வைத்தால் உயிர் 12. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அரிசி போட்டு வைக்கும் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையில், காய்ச்சிய ஆணியால் ‘தரையைத் தோண்டு’ என்று சுட்டேன். ஒரு புள்ளி சரியாக விழவில்லை. எந்தக் குறி எந்த எழுத்து என்ற விடைத்தாளை வைத்துப் படித்த தங்கச்சி, “தசையைத் தோண்டவா? என்ன அண்ணே, கொலைக் கதையா?” என்றாள். ர-வும் ச-வும் ஒரே அறை, புள்ளிதான் வித்தியாசம்.

அடுத்து விடைத்தாள் இல்லாமல் ஒரு பக்கம் கொடுத்தேன். ஒரே ராத்திரியில் உடைத்துவிட்டாள். பெருக்கல் குறியெல்லாம் உயிர், அடுத்தடுத்து இரட்டையாக வருவது க்க, த்த, ப்ப. இதுக்கு என்ன பெரிய மூளை வேணும் என்கிறாள்.

கோப்பியாலே என்ற, சங்கேத எழுத்தில் எழுதிய 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கையெழுத்துப் பிரதி கைகொடுத்தது. 105 பக்கம், 2011இல்தான் வாசித்தார்கள். அதிலுள்ள ரோம எழுத்துகளைத்தான் முதலில் நோண்டினார்களாம். அவை வெறும் இடைவெளி, விஷயம் மற்றக் குறிகளில் இருந்தது. நானும் வரிசையைக் கலைத்து, இரட்டைக் குறிகளுக்கு நடுவே சும்மா எண்களைச் செருகி, யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார் என்று எழுதும் கொழுந்துச் சிட்டை மாதிரி ஆக்கினேன்.

மூன்று நாளாகத் தங்கச்சியால் முடியவில்லை. அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாருடா இவ, ஒரே நாள்ல தொண்ணூறு கிலோ எடுத்தவ? வெள்ளக்காரன் காலத்துல கிலோ ஏது, றாத்தல்தானே?”

எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.