கண்ணாடி டியூப் என்று எழுதினேன்

பாம்புக்கடி சிகிச்சைக்கு நெறிமுறை தயாரிக்கும் குழுவில் சேரச் சொல்லி மெயில் வந்தபோது, ஆள் மாறி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றுகூட எழுதியதில்லை. நடவும் அறுப்புமாக இருக்கும் மாதங்களில் ராத்திரி டியூட்டி பார்த்தவன், அவ்வளவுதான்.

குழு பின்பற்றிய முறைக்கு டெல்ஃபி என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால், பெரிய பேராசிரியர் பேசியதும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் இல்லையா? இதில் யார் என்ன சொன்னார் என்பதே தெரியாது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். அடுத்த சுற்றில் நம் எண்ணும் குழுவின் நடு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வரும். மாற்றுவதும் மாற்றாததும் நம் இஷ்டம்.

இரண்டாம் சுற்றைத் திறந்ததுமே முகத்தில் அடித்தது போல இருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றும் முன், அதனால் ஒவ்வாமை வராமல் இருக்க ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்பதற்கு நான் 8 போட்டிருந்தேன். பதினைந்து வருஷப் பழக்கம். குழுவின் எண் 2. கூடவே 2011-ல் வெளியான இலங்கை ஆய்வின் சுருக்கத்தை இணைத்திருந்தார்கள். 1,007 நோயாளிகள். முன்கூட்டியே குறைந்த அளவில் போட்ட அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்திருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனால் அப்படி எந்தப் பலனும் இல்லை. ஒரு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் 2 போட்டேன்.

விடாப்பிடியாக நின்றது ஒரே இடத்தில்தான். கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 2 மில்லி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வரைவில் 'டியூப்' என்று மட்டும் இருந்தது. கருத்துக் கட்டத்தில் பழைய கதை ஒன்றை எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சாய்த்ததும் ரத்தம் தண்ணீராக வழிந்தது. மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். நர்ஸ் அக்கா ஒன்றும் பேசாமல் தன் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதே மாதிரி இன்னொரு டியூபில் விட்டு வைத்தார். 20 நிமிடம் கழித்து அதுவும் வழிந்தது. "சார், இது பிளாஸ்டிக்." கண்ணாடியில் பட்டால்தான் ரத்தம் ஒழுங்காக உறையத் தொடங்கும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றிவிடும்.

மூன்றாம் சுற்றில் அது தனிப் பரிந்துரையாகவே வந்தது: புதிய, உலர்ந்த கண்ணாடி டியூப், சந்தேகம் இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தையும் கூடவே வைத்துப் பார்க்கவும். முக்கால்வாசிப் பேருக்கு மேல் 7, 8, 9 என்று போட்டிருந்தார்கள். இறுதிப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில், 'ஆதாரம்: நிபுணர் கருத்து'. ஆதாரத் தரவரிசையில் அதுதான் கடைசிப் படி.

அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ரிட்டையர் ஆகிவிட்டார். கேட்டுச் சிரித்துவிட்டு, "இப்பவாவது ஸ்டோர்ல கண்ணாடி டியூப் கொடுக்கறாங்களா சார்?" என்றார்.