சிவப்புக் கோடு

16 நவம்பர் 2018, வெள்ளி

கஜா புயல் போய் விடிந்துவிட்டது. மூன்று பேரும் இருக்கிறோம்.

17, சனி

மின்சாரம் இல்லாமல் அம்மாவின் காற்றுப் படுக்கை நேற்று மதியமே முழுக்க இறங்கிவிட்டது. இப்போது அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. இரண்டு மணிக்கு ஒருதரம் அம்மாவைப் புரட்ட வேண்டும். இடது, மல்லாந்து, வலது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நேற்று ராத்திரி போன் டார்ச்சில் ஓட்டினேன். மூன்று மணிக்கு அதுவும் போய்விட்டது. நாலு மணிப் புரட்டல் இருட்டில், கையால் தடவி.

பரணில் சாக்கில் சுற்றி பெட்ரோமாக்ஸ் இருந்தது. அதற்கு மேலே ஓடே இல்லை, வானம் தெரிகிறது. ஆனால் விளக்கின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் முழுக் கண்ணாடி அது ஒன்றுதான்.

ரேஷன் மண்ணெண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். பம்ப் அடித்தால் கை சும்மா போய் வருகிறது, எதிர்ப்பே இல்லை. கழற்றிப் பார்த்தால் தோல் வாஷர் கருவாடு மாதிரி காய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டேன். இந்த வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் பஞ்சம் கிடையாது. இன்றுவரை.

அப்பா தோப்புக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல், "இருநூத்திப் பன்னெண்டு" என்றார். அவ்வளவுதான் இன்று அவர் பேசியது.

18, ஞாயிறு

வாஷர் பிடித்துக்கொண்டது. முப்பது தடவை பம்ப் அடித்ததும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம். முள் இறங்கியது, கண்ணெதிரே, காற்றுப் படுக்கை இறங்கிய மாதிரியே.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றிக் குமிழ். உள்ளே இருந்த வாஷர் கல்லாகிவிட்டது. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். நிற்கிறது.

அம்மா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த விளக்கு அவளுடையது. கல்யாணமான புதிதில் தோப்புக்கு ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது பம்ப் அடிப்பது மட்டும்தான் அப்பா. ஸ்பிரிட் ஊற்றுவது, மேண்டில் என்கிற வலைப்பையைக் கட்டுவது, பின் ஊசி போடுவது எல்லாம் அம்மா. எனக்கு நினைவிருப்பதெல்லாம் "கிட்ட வராதே" என்கிற குரல்தான். வேலை தெரிந்தவளுக்கு இப்போது பேச்சு இல்லை. பேச்சு இருப்பவருக்கு வேலை தெரியாது.

இடது கையைத் தூக்கி விரலைக் கீழ்நோக்கிச் சுற்றிக் காட்டினாள். "ங்ங்ங்" என்றாள். பம்பா? இல்லை. திருகா? இல்லை. தண்ணீரா? கண்ணை மூடிக்கொண்டாள்.

19, திங்கள்

தம்பிக்கு லைன் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் அவன் எங்கள் ஊர்ப் படம் ஏதாவது பார்த்திருப்பான்.

20, செவ்வாய்

பயந்துவிட்டேன். எழுதினால் கை நடுக்கம் நிற்கும் என்று எழுதுகிறேன்.

செவிலியர் அக்கா கொடுத்த ஸ்பிரிட்டைக் கிண்ணத்தில் ஊற்றிப் பற்ற வைத்தேன். பாதிக் கிண்ணம் போதும் என்று சிக்கனம் பார்த்ததுதான் தப்பு. குழாய் சரியாகச் சூடேறுவதற்குள் திருகைத் திறந்துவிட்டேன். ஆவியாக வர வேண்டியது எண்ணெயாகவே பீச்சிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே மஞ்சள் நெருப்பு, நாலடி உயரம். பழைய மேண்டில் அப்படியே பொடிப்பொடியாக விழுந்தது. அம்மா கத்தினாள். அவளிடமிருந்து இவ்வளவு பெரிய சத்தம் வந்து எட்டு மாதமாகிறது.

காற்றுத் திருகைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று அழுத்தம் இறங்கியது, நெருப்பும் அடங்கியது. அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன். பதினோரு வருஷம் ஆய்வகத்தில் பிள்ளைகளை மேய்த்ததில் வந்த புத்தி.

இனி இது முற்றத்தில்தான். வீட்டுக்குள் இல்லை.

மழை வேறு. தார்ப்பாய் ஒழுகுகிறது, கட்டிலை இரண்டு முறை நகர்த்தினோம். பன்னிரண்டு மணிப் புரட்டல் நாற்பது நிமிஷம் தள்ளிப்போனது.

21, புதன்

இன்று எல்லாமே கேவலமாகப் போனது. சைக்கிள் டியூப் மண்ணெண்ணெய் குடித்து அப்பளம் மாதிரி ஊதிவிட்டது. மறுபடி வெட்டிப் போட்டேன். தினம் ஒன்று வெட்ட வேண்டும் போல.

ஸ்பிரிட்டைக் கிண்ணம் நிறைய, இரண்டு தடவை எரித்தேன். திருகைத் திறந்தேன். ஒன்றுமில்லை. சத்தமில்லை, வாசனைகூட இல்லை. முள் சிவப்பில் அசையாமல் நிற்கிறது, வழிதான் எங்கோ அடைபட்டிருக்கிறது.

கடையில் 5 ரூபாய் மெழுகுவர்த்தி 15 ஆகிவிட்டது. இந்த விளக்குக்கு 500 மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று கணக்கு. அப்படியானால் பரணில் 7,500 ரூபாய் தூங்கியிருக்கிறது.

விழுந்த தென்னைக்கு நிவாரணம் 1,100 ரூபாய் என்று ரேடியோவில் சொன்னார்கள். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை வச்சா காய்க்க ஆறு வருஷம் ஆகும் பாப்பா. எனக்கு இப்ப எழுபத்திரண்டு" என்றார். கூட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

22, வியாழன்

நிப்பிளைக் கழற்றினேன். ஒரு உளுந்து அளவு பித்தளை, நடுவில் மயிரிழைத் துளை. அதற்குள் ஏறி இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய பின் வளைந்து, துளை முழுக்கக் கறுப்புக் கரி. ஸ்பிரிட்டில் ஊற வைத்து, சன்னக் கம்பியால் குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புள்ளியாக வானம் தெரிந்தது. அந்தப் புள்ளியைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராவூரணிக்கு எதிர்வீட்டு அண்ணன் பைக்கில் போனேன். வழியெல்லாம் கம்பங்கள் முட்டியில் ஒடிந்து கிடக்கின்றன. வெளியூர் லைன்மேன்கள் கம்பம் நடுகிறார்கள், ஊர்ப் பையன்கள்தான் தோள்கொடுத்துத் தூக்குகிறார்கள். எங்கள் தெரு எப்போது என்று ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஸ்டவ் ரிப்பேர் பாய் கடையில் புது பின், மூடி வாஷர் ஒன்று, மேண்டில் நாலு. "ஊர்ல எல்லாரும் பரணை இறக்கிட்டாங்கம்மா" என்றார். இருபது வருஷமாக விற்காத சரக்கு இரண்டு நாளில் தீர்ந்ததாம்.

மேண்டில் என்பது ஒரு குட்டி நூல்பை, அவ்வளவுதான். முதல் தடவை எரிக்கும்போது நூல் போய்விடும், நூலில் ஊறியிருந்த உப்பு மட்டும் சாம்பல் கூடாக நிற்கும். அந்தக் கூடுதான் வெளிச்சம் தருவது. பழைய மேண்டில்களில் அது தோரியம், கூடவே நூற்றில் ஒரு பங்கு சீரியம். அந்தத் தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் நம் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அப்படித்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்வேன், யாரும் கேட்க மாட்டார்கள். இன்று அப்பாவிடம் சொன்னேன்.

"நார்லேருந்தா?" என்றார். எழுந்து போய்த் தோப்பு வேலி ஓரமாக நின்றார். உள்ளே போகவில்லை.

23, வெள்ளி

கார்த்திகை. எட்டு அகல் ஏற்றினேன். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கு எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னார்.

பௌர்ணமி. நிலா வெளிச்சம் நேராக முற்றத்தில் விழுகிறது. இந்த முற்றத்தில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை. கீற்று மறைக்கும்.

விளக்கு எரிந்தது. எரிந்தது என்று சொல்லக் கூடாது. மேண்டிலின் மேல்பாதி மட்டும் சிவந்தது, கீழே மஞ்சளாக நாக்கு நீட்டியது, பத்து நிமிஷத்தில் கண்ணாடி முழுக்கப் புகை. அழுத்தம் சரி. எண்ணெய் சரி. நிப்பிள் சரி. சூடு சரி. அப்புறம் என்னதான் வேண்டும் இதற்கு?

அம்மா மறுபடி விரலைச் சுற்றினாள். "ங்ங்ங்." நான் எரிச்சலில் "புரியலம்மா" என்று கத்திவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

24, சனி

காற்று! எண்ணெய் ஆவியோடு காற்று கலக்காவிட்டால் மஞ்சளாகத்தான் எரியும். பன்சன் அடுப்பு, முதல் பாடம். நானே நடத்துவது. வெட்கக்கேடு.

தொப்பியைக் கழற்றி, வளைந்த கலவைக் குழாயைத் தலைகீழாகத் தட்டினேன். மண் கொட்டியது. குளவிக்கூடு. செத்த புழுக்களோடு.

கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். பார்த்தாள். அவள் சுற்றிக் காட்டியது இதைத்தானா, குளவியின் சத்தம்தானா அந்த "ங்ங்ங்", அல்லது தண்ணீர்தான் கேட்டாளா, தெரியவில்லை. அவளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்.

மிச்சமிருந்த மேண்டில் மூன்றில் ஒன்றை அப்பா கட்டுகிறேன் என்று கிழித்துவிட்டார். பரவாயில்லை. ஒரு வாரத்தில் அவர் கையைத் தூக்கிச் செய்த முதல் வேலை அது. தோப்புக்கும் போய் வந்திருக்கிறார். "பதினொண்ணு நிக்குது" என்றார். "ரெண்டு ஆடுது. அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

25, ஞாயிறு

ஏழே காலுக்கு எரிந்தது. முதலில் ஒரு சீறல், அப்புறம் வெள்ளை. ஜன்னல்கள் எல்லாம் திறந்து, நிலைப்படியில் வைத்தேன். சுவர்க்கடிகாரம், மருந்துச் சீட்டு, அப்பாவின் தாடி, எல்லாம் பகல் மாதிரி. அப்பா பம்ப் அடித்துக்கொண்டே இருந்தார், போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளக்கையே பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

எட்டு மணிக்குப் புரட்டினேன்.

வால் எலும்புக்கு மேலே. மெழுகுவர்த்தியில் அது வெறும் சிவப்பு, ஐந்து ரூபாய்க் காசு அளவு என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் பார்த்தேன், தினமும் பவுடர் போட்டேன். இந்த வெளிச்சத்தில் உள்ளங்கையில் பாதி இருக்கிறது. நடுவில் கறுத்துவிட்டது. ஓரத்தில் தோல் தனியாக நிற்கிறது. அம்மா வலிக்கிறது என்று காட்டவில்லை. அல்லது காட்டியிருக்கிறாள்.

அப்பாவைக் கூப்பிடவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

26, திங்கள்

தஞ்சாவூருக்கு வண்டி சொல்லியாயிற்று, ஏழு மணிக்கு. ரோட்டில் மரம் எடுத்துவிட்டார்களாம். அப்பா வரவில்லை என்கிறார், அந்தப் பதினொன்றுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமாம். மேண்டில் ஒன்று மிச்சம், சாமி மாடத்தில் இருக்கிறது. பாதிக் கிண்ணம் போதாது, நிறைய ஊற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அணைத்த பிறகு காற்றுத் திருகைத்…