கானில் கிடக்கும் வெள்ளைச் சில்லு

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கம் ஆதிமனிதனின் கற்கருவி தேடுகிறவர்கள் சக்கிமுக்கிக் கல்லை நினைத்துக்கொண்டே போகிறார்கள். அது ஐரோப்பாவின் சுண்ணாம்புப் பாறைக்குள் விளைவது. மலையகத்தில் கருவியானது வெள்ளைக் குவாட்ஸ். சக்கிமுக்கிக்கு இனமான சேர்ட் கல்லும் கொஞ்சம் உண்டு. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது மண்ணோடு வந்து விழும் அதே வெள்ளைக்கல்தான்.

சக்கிமுக்கியைத் தட்டினால் சிப்பிபோல வழவழவென்று உடையும். அடி விழுந்த இடத்தருகே சின்னப் புடைப்பு தெரியும். குவாட்ஸுக்குள் முன்பே விரிசல்கள் ஓடுவதால் அது கோணல்மாணலாக நொறுங்கும். புடைப்பை மட்டும் தேடுகிறவர் நல்ல கருவியையும் வீசிவிடுவார். அடைகல் (அடியில் தாங்கும் கல்) மேல் நிறுத்தித் தட்டிய கல்லில் இரு நுனியும் நசுங்கியிருக்கும். அதைப் பாருங்கள்.

பிறை வடிவ நுண்கருவிதான் கண்ணுக்கு எளிதில் பிடிபடும். அநேகமாக 4 செ.மீ.க்குள் அடங்கும். நேர்விளிம்பு சவர அலகுபோல் கூராக இருக்கும். வளைந்த முதுகைப் பொடிப்பொடியாகக் கொத்தி, ஏறக்குறையச் செங்குத்தாக மழுக்கியிருப்பார்கள். கொத்துகள் ஒட்டி ஒட்டி வரிசையாக ஓடும். மண் கிளறும் முள்ளோ அலவாங்கோ (கடப்பாரை) பட்ட கல்லில் தழும்பு அங்கொன்று இங்கொன்றுதான்; புதிதாக மின்னும், சிலவேளை துருக்கோடும் இருக்கும். பழைய கொத்திலோ மற்ற முகங்களைப் போலவே செம்மண் கறை ஊறியிருக்கும். சிவனொளிபாதமலை அடிவாரத்தில், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில் இத்தகைய கருவிகள் சுமார் 36,000 ஆண்டுப் பழமையானவை!

ஒற்றைச் சில்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பொடிச் சில்லுகளும் தட்டி எஞ்சிய மூலக்கல்லும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால்தான் அங்கே உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கானின் அடியில் கிடப்பது மேட்டிலிருந்து மழையில் உருண்டு வந்ததாகவும் இருக்கலாம். கானின் சுவரில், பரல் அடுக்குக்குள் பதிந்து நிற்பதுதான் பெறுமதியானது. அதைப் பிடுங்கவே கூடாது.

புதைகுழி விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. தேயிலை நடும்போது பொறுக்கிக் குவித்த கற்குவியலைப் பலர் கல்லறை மேடு என்கிறார்கள். இந்த நுண்கருவிகளைச் செய்த ஆதிமனிதர்கள் தம் இறந்தோரைக் குகைத் தரையிலேயே புதைத்தார்கள். பலகைக்கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த கல்லறைகள் வெகு பிந்திய இரும்புக் காலத்தவை. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் அவற்றைப் பார்க்கலாம்.

உதிர்ந்து கிடக்கும் சில்லை அளவுகோல் வைத்து இரு முகத்தையும் படமெடுங்கள். உச்சி வெயிலில் குவாட்ஸ் பளபளத்துத் தழும்பை மறைத்துவிடும். மாலையில் சாய்வெளிச்சம் நல்லது. கழுவவோ தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம், பிடியில் பொருத்தப் பூசிய பிசினின் எச்சம் விளிம்பில் ஒட்டியிருந்தால் போய்விடும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கும்போது தேயிலை மலையின் (தோட்டப் பகுதியின்) இலக்கம், கானின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை செ.மீ. ஆழம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.