சர்வர்ல அப்டேட் போட்டா மெஷின் ஏன் நிக்குது

ஃபைல் சர்வர்ல அப்டேட் போடப்போறோம்னா பேக்கப் எடுத்தாச்சான்னு எல்லாரும் கேப்பாங்க, ஆனா அந்த சர்வர்கிட்ட யார் யார் எந்த ப்ரோட்டோகால்ல, அதாவது கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற எந்த முறையில, பேசுறாங்கன்னு கேக்குற ஆள் ரொம்ப கம்மி. என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல கேக்கணும்.

மலேசியாவுல பினாங்கு பிறை பக்கம், கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற மெஷின் வச்சு பீஸ் செய்யுற ஒரு மெஷினிங் ஃபேக்டரிக்கு நான் சிஸ்டம் பாக்குறேன். சர்வர்ல இருந்தது உபுண்டுங்குற லினக்ஸ் சிஸ்டம், வெர்ஷன் 18.04, அதுக்கு சாதாரண சப்போர்ட் 2023லயே முடிஞ்சதால ஆடிட்ல சொல்லி, வெண்டர் ஆள் வந்து 20.04க்கு ஏத்திட்டுப் போனாரு. ஆஃபீஸ்ல எல்லாம் விண்டோஸ் 10, காலைல எந்தப் பிரச்சனையும் இல்ல. கீழ மெஷினும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஏன்னா ஏற்கெனவே லோட் பண்ண புரோகிராம்ல ஓடுது. நைட் ஷிஃப்ட்ல ஜாப் மாத்தும்போதுதான் ஆப்பரேட்டர் தம்பி போன் பண்ணான், "அண்ணே, போல்டர் திறக்க மாட்டேங்குது, நேத்து நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு.

ஸ்கிரீன்ல வந்த எர்ரர், நெட்வொர்க் பேரே இப்ப இல்லைங்குற மாதிரி. அதைப் பாத்தா யாருக்கும் கேபிள் மேலதான் சந்தேகம் வரும், அவனும் கேபிளைக் கழட்டி மாட்டி, ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி எல்லாம் பாத்துட்டான். பிங் பண்ணி சர்வர் இருக்கான்னு பாத்தா பதில் வருது, அப்ப கேபிள் சரிதான். உண்மையான காரணம், கீழ இருக்குற மூணு பழைய மெஷின்ல ஓடுறது விண்டோஸ் எக்ஸ்பி, அதுக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி1 மட்டும்தான். எஸ்எம்பிங்குறது நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற ப்ரோட்டோகால், எஸ்எம்பி1 அதோட பழைய வெர்ஷன். லினக்ஸ் சர்வரை எஸ்எம்பி பேச வைக்குற சாஃப்ட்வேர் சாம்பா, 2019ல வந்த அதோட 4.11ல இருந்து எஸ்எம்பி1 டிஃபால்ட்டாவே ஆஃப், உபுண்டு 20.04ல வர்றது அந்த 4.11 இல்லன்னா அதுக்கு மேலதான். கணக்கு செக்ஷன் அக்காவோட பழைய போட்டோஸ்டாட் மெஷினும் அதே கேஸ், ஸ்கேன் பண்ணா போல்டருக்குப் போகல.

சர்வர் மினிமம் ப்ரோட்டோகாலை என்டி1க்கு (சாம்பால எஸ்எம்பி1க்கு இருக்குற பேரு) இறக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் ஓடும், பாஸும் அதைத்தான் கேட்டாரு, டெலிவரி நிக்குதுன்னா அவர் வேற என்ன கேப்பாரு. நான் ஒத்துக்கல. 2017 மே மாசம் வான்னாக்ரைங்குற, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ் உலகம் முழுக்கப் பரவுனது விண்டோஸோட எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான், சாம்பால அந்த ஓட்டை இல்லதான், ஆனா மூணு மெஷினுக்காக மொத்த ஆஃபீஸ் சர்வரையும் பழைய ப்ரோட்டோகாலுக்கு இறக்கறது சரியில்ல. அதுக்காக ஆப்பரேட்டரை பென்டிரைவ்ல தூக்கிட்டு ஓடச் சொல்றதும் தப்பு, வைரஸ் ஒரு பக்கம், பழைய ரிவிஷன் புரோகிராமை லோட் பண்ணிட்டா பீஸ் எல்லாம் ஸ்க்ராப், திட்டு வாங்குறது அந்தத் தம்பி.

அதனால ஒரு குட்டி பழைய பிசியில தனியா சாம்பா போட்டு என்டி1 அதுல மட்டும் திறந்தேன், மெஷின் மூணையும் தனி விலான்ல, அதாவது பிரிச்சு வச்ச நெட்வொர்க்ல, இன்டர்நெட் இல்லாம வச்சேன், பெரிய சர்வர்ல இருந்து புரோகிராம் போல்டர் மட்டும் ஒரு பக்கமா காப்பி ஆகும், மெஷின் படிக்கலாம், எழுத முடியாது. போட்டோஸ்டாட்டுக்கு ஃபர்ம்வேர், அதாவது அதுக்குள்ள இருக்குற சாஃப்ட்வேர், புதுசா ஏத்துனதும் மெனுல எஸ்எம்பி2 வந்துடுச்சு, அக்காவுக்கு நிம்மதி.

இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்ங்குறதுதான் எனக்கு வருத்தம். சர்வர்ல எஸ்எம்பிஸ்டேட்டஸ்னு ஒரு கமாண்ட் அடிச்சா, அந்த நேரத்துல கனெக்ட் ஆகியிருக்குற ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ப்ரோட்டோகால் வெர்ஷன்னு ஒரு நெடுவரிசை (column) வரும், ஆஃபீஸ் பிசிக்கெல்லாம் எஸ்எம்பி3ன்னும் பழசுக்கு என்டி1ன்னும் பளிச்சுனு காட்டும். ஆனா பகல்ல ஒரு தடவை அடிச்சுட்டு விட்டா பத்தாது, நைட் ஷிஃப்ட்லயும் பாக்கணும், மாசக் கடைசில மட்டும் ஓடுற ஸ்கேனர் எல்லாம் இருக்கும். அப்புறம் நேரா கீழ இறங்கி ஆப்பரேட்டர்கிட்ட கேக்கணும், எந்த மெஷின் எங்க இருந்து ஃபைல் எடுக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், வெண்டர் அன்னைக்கு ஆஃபீஸ் மாடியோட திரும்பிட்டாரு.

அந்தக் குட்டி பிசிக்கும் பேட்ச் போடணும், டிஸ்க் போனா மாத்தணும். யார் பொறுப்பு, மெஷினை ஓட்டுற அந்த எக்ஸ்பி கன்ட்ரோலரை எப்ப மாத்துறதுன்னு பேப்பர்ல எழுதி பாஸ்கிட்ட சைன் வாங்கி வச்சிருக்கேன்.