லாராவெலில் ரெப்பாசிட்டரி: நூலகச் செயலியில் செய்து பார்த்தவை

களம்: சிறிய நூலகத்துக்கான இரவல் பதிவுச் செயலி. பிஎச்பி மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான லாராவெல் 11, பிஎச்பி 8.2, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. நூல்கள், பிரதிகள், உறுப்பினர்கள், இரவல்கள் என்று டேபிள்கள் நான்கு. ரெப்பாசிட்டரியின், அதாவது டேட்டாபேஸ் தேடல்களை ஒரே இடத்தில் வைக்கும் கிளாஸின், தேவை ஒரே ஒரு கேள்வியில் தொடங்கியது: கெடு தாண்டியும் திரும்பாத நூல்கள் எவை? முகப்புப் பக்கம், காலை நினைவூட்டல் கமாண்டு, உறுப்பினர் பக்கம் மூன்றிலும் இதே கொயரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). திரும்பிய நாள் காலியாக இருக்க வேண்டும், கெடு நாள் இன்றைக்கு முந்தையதாக இருக்க வேண்டும், உறுப்பினர் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும். நாளை "இரண்டு நாள் சலுகை" என்று ஒரு விதி வந்தால் மூன்று ஃபைலைத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் முகப்பு காட்டும் எண்ணிக்கையும் குறுஞ்செய்தி போனவர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது.

முதலில் ஒதுக்கியது, பல பயிற்சிப் பாடங்களில் வரும் பொதுவான தாய் ரெப்பாசிட்டரி. ஆல், ஃபைண்ட், கிரியேட், அப்டேட், டிலீட் என்று ஐந்து மெத்தட். ஒவ்வொன்றும் உள்ளே எலோக்வென்டின் அதே பெயர் மெத்தடைக் கூப்பிடும். லாராவெலில் டேட்டாபேஸைக் கையாளும் பகுதியான எலோக்வென்ட், ஆக்டிவ் ரெக்கார்டு வகை. டேபிளின் வரிசையைக் குறிக்கும் மாடலே தன்னைச் சேமிக்கும், தேடும். அதன்மேல் இப்படி ஒரு உறை போட்டால் ஃபைல்கள் கூடும், வேறு லாபம் கிடையாது. "நாளை டேட்டாபேஸை மாற்றினால்" என்ற வாதமும் இங்கே எடுபடவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்குப் போவதன் பெரும்பகுதியை எலோக்வென்டே பார்த்துக்கொள்கிறது. உறுப்பினர் சேர்ப்பு, திருத்தம் எல்லாம் கன்ட்ரோலரில் (ரிக்வெஸ்டைக் கையாளும் கிளாஸ்) நேரடி எலோக்வென்டாகவே விடப்பட்டன. ரெப்பாசிட்டரிக்குள் போனவை நூலகத்தின் விதியைச் சுமக்கும் கொயரிகள் மட்டும்.

ரெப்பாசிட்டரியின் இன்டர்ஃபேஸில் (எந்த மெத்தட்கள் வேண்டும் என்று மட்டும் சொல்லும் பட்டியல்) மெத்தட்கள் நான்கு: கெடுதாண்டியவை, தேடு, பூட்டிஎடு, கெடுநீட்டு. பிஎச்பி, மெத்தட் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்கும். அதைச் சோதிக்கவும் இது வாய்ப்பு. ஆனால் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் ஒரு பொறி உண்டு. "கொ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பிஎச்பி பைட்டுகளைத்தான் ஒப்பிடும் என்பதால் அப்படியொரு மெத்தட் இல்லை என்று பிழை வரும். அந்த மூன்று குறிகளும் வராத பெயர்களாக வைப்பது பாதுகாப்பு. கிளாஸ், ஃபைல் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

இன்டர்ஃபேஸையும் அதை நிறைவேற்றும் கிளாஸையும் ஆப் சர்வீஸ் புரொவைடரின் ரெஜிஸ்டர் மெத்தடில் பைண்ட் செய்ய (இதைக் கேட்டால் அதைக் கொடு என்று இணைக்க) வேண்டும். மறந்தால் "டார்கெட் இஸ் நாட் இன்ஸ்டன்ஷியபிள்" என்று பிழை வரும். தனி புரொவைடர் எழுதினால் 11ஆம் பதிப்பில் அதை பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரில் உள்ள புரொவைடர்ஸ் ஃபைலில் சேர்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் அந்தப் பட்டியல் கான்ஃபிக் ஃபோல்டரில் இருந்தது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிசகினால் விண்டோஸில் ஓடும் செயலி லினக்ஸ் சர்வரில் கிளாஸைக் காணோம் என்று நிற்கும்.

அதிகம் கவனிக்க வேண்டிய மெத்தட் "தேடு". கிளை எண் 3 ஆக இருக்க வேண்டும், தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ தேடுசொல் வர வேண்டும். நிபந்தனை சேர்க்கும் மெத்தட்களை வேர் (where), வேர், ஆர்வேர் (orWhere) என்று அடுக்கினால் எஸ்க்யூஎல் அதை "கிளை 3, தலைப்பு பொருந்தும், அல்லது ஆசிரியர் பொருந்தும்" என்று படிக்கும். ஆசிரியர் பெயர் பொருந்திய எல்லாக் கிளை நூல்களும் வந்து விழும். கடைசி இரண்டையும் ஒரு குளோஷருக்குள் (பெயரில்லாத ஃபங்ஷன்) வைத்து வேர் மெத்தடுக்குக் கொடுத்தால் அடைப்புக்குறி விழுந்து சரியாகும். சாஃப்ட் டிலீட் (அழிக்காமல் நீக்கியதாகக் குறிப்பது) நிபந்தனைக்கு இந்த ஆபத்து இல்லை. எல்லாக் கொயரியிலும் தானாகச் சேரும் இத்தகைய நிபந்தனையை, அதாவது குளோபல் ஸ்கோப்பைச் சேர்க்கும்போது லாராவெலே ஆர்வேர் உள்ள பகுதியை அடைப்புக்குள் தள்ளிவிடும். நீக்கிய நூல்கள் ஒழுங்காக மறைந்திருப்பதால் கொயரி சரிதான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

எந்த மெத்தடும் கொயரி பில்டரை (இன்னும் ஓடாத, மேலும் நிபந்தனை சேர்க்கக்கூடிய கொயரி) திருப்பித் தரக்கூடாது. தந்தால் கன்ட்ரோலரில் ஒருவர் இன்னொரு வேர் சேர்ப்பார். விதி மறுபடி சிதறும். கலெக்ஷன் (விடைகளின் தொகுப்பு) அல்லது பேஜினேட்டர் (பக்கம் பிரித்த விடை) மட்டுமே வெளியே போகட்டும். தேவையான உறவுகளையும் உள்ளேயே வித் மெத்தடால் ஏற்றிவிட வேண்டும். 50 இரவல்களுக்கு உறுப்பினர், பிரதி, நூல் மூன்றையும் பிளேடில் (லாராவெலின் பக்க டெம்ப்ளேட்) தனித்தனியாகத் தொட்டால் 151 கொயரி. வித் போட்டால் 4. லேசி லோடிங்கை (உறவைத் தொடும்போதுதான் ஏற்றுவது) தடுக்கும் அமைப்பைப் புரொடக்ஷன் தவிர மற்ற இடங்களில் போட்டு வைத்தால் விடுபட்டது பிழையாக எழும். ஆனால் விடை ஒரே ஒரு வரிசையாக இருந்தால் அந்தத் தடை வேலை செய்யாது. ஒரு மாடலில் என்+1 (வரிசைக்கு வரிசை கூடுதல் கொயரி) என்ற பேச்சே இல்லையே. டெஸ்டில் ஒரு இரவலை மட்டும் உருவாக்கினால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். குறைந்தது இரண்டு வேண்டும். செலக்ட் போட்டு ஃபீல்டுகளைக் குறைக்கும்போது ஃபாரின் கீயையும் (வேறு டேபிளின் வரிசையைக் காட்டும் ஃபீல்டு) சேர்க்க மறக்கக்கூடாது. விட்டால் உறவு காலியாக, நல் (null) என்று வரும், பிழை எதுவும் எழாது.

கெடுதாண்டியவை மெத்தடுக்கு இன்றைய தேதி வெளியிலிருந்து வருகிறது. லாராவெலின் இயல்பான நேர மண்டலம் யுடிசி. அதை மாற்றாமல் விட்டால் இந்திய நேரம் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை "இன்று" என்பது நேற்றாக இருக்கும். காலை 5 மணிக்கு ஓடும் நினைவூட்டல், நேற்றோடு கெடு முடிந்தவரைக் கணக்கில் எடுக்காது. தேதியை ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் டெஸ்ட் எழுதுவதும் சுலபம். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் இரண்டு ஃபீல்டு சேர்ந்தது: முதலில் திரும்பிய நாள், பிறகு கெடு நாள். முதலாவதில் நல் சோதனை, இரண்டாவதில் வீச்சு. இந்த வரிசையில்தான் மைஎஸ்க்யூஎல் இரண்டையும் பயன்படுத்தும். நேரமும் சேர்ந்த ஃபீல்டாக இருந்தால் வேர்டேட் (whereDate) வேண்டாம். அது ஃபீல்டின்மேல் டேட் ஃபங்ஷனைப் போர்த்துவதால் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது.

கடைசிப் பிரதியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் காப்பது பூட்டிஎடு. உள்ளே, வரிசையைப் பூட்டும் லாக்ஃபார்அப்டேட். டிரான்ஸாக்ஷனுக்கு (முழுதாகச் சேமிக்கப்படும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் மாற்றத் தொகுப்பு) வெளியே கூப்பிட்டால் பூட்டு அந்த நொடியே விடுபடும், பயனில்லை. டிரான்ஸாக்ஷனைத் திறப்பது, இரவல் கொடுக்கும் படிகளை நடத்தும் சர்வீஸ் கிளாஸின் வேலை; பிரதியின் நிலை, இரவல் வரிசை இரண்டும் ஒன்றாகச் சேமிக்கப்பட வேண்டும் என்பது அதற்குத்தான் தெரியும். டிபி டிரான்ஸாக்ஷனின் இரண்டாம் ஆர்க்யுமென்டாக 3 கொடுத்தால் டெட்லாக் (ஒன்றின் பூட்டுக்காக மற்றது காத்துச் சிக்கிக்கொள்வது) வரும்போது மொத்தம் மூன்று முறை முயலும். பூட்டும் கொயரியின் வேருக்கு இன்டெக்ஸ் இல்லையென்றால் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தேடிச்செல்லும் வரிசைகளை எல்லாம் பூட்டிவிடும்.

இன்டர்ஃபேஸ் இருப்பதன் உண்மையான லாபம் கேஷில் (விடையைச் சிறிது நேரம் சேமித்து வைப்பது) தெரிந்தது. அதே இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் இன்னொரு கிளாஸ், உள்ளே எலோக்வென்ட் கிளாஸை வைத்துக்கொண்டு, கெடுதாண்டியவை விடையை மட்டும் 300 நொடி வைத்திருக்கும். கன்ட்ரோலரில் ஒரு வரியும் மாறவில்லை. உள்ளே இருப்பதை, பைண்ட் செய்த கிளாஸ்களை உருவாக்கித் தரும் கன்டெய்னரிடம் இன்டர்ஃபேஸ் பெயரால் கேட்டால் அது மறுபடி கேஷ் கிளாஸையே தரும், முடிவில்லாத சுழல். எலோக்வென்ட் கிளாஸின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். கேஷ் காலம் லாராவெல் 5.8 பதிப்பிலிருந்து நொடியில், அதற்கு முன் நிமிடத்தில். பழைய கோடை எடுத்து ஒட்டுபவர்கள் இதைப் பார்க்கவும். கேஷை அழிப்பது டிரான்ஸாக்ஷன் கமிட் ஆன (உறுதியான) பிறகே, அதாவது ஆஃப்டர்கமிட்டில். முன்னாலேயே அழித்தால் இடையில் வரும் ரிக்வெஸ்ட் பழைய விடையையே திரும்ப நிரப்பிவிடும்.

டெஸ்டில் இரண்டு வகை. சர்வீஸுக்கு, அர்ரேயில் தகவலை வைத்திருக்கும் போலி ரெப்பாசிட்டரி போதும். ரெப்பாசிட்டரிக்கு நிஜ மைஎஸ்க்யூஎல்லே வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸை வைத்தால் போதாது; அதற்கு லாராவெல் பூட்டு வாசகத்தையே அனுப்பாது. ஆங்கில எழுத்தின் பெரிது சிறிது ஒப்பீடும் இரண்டிலும் வேறு.

கெடுநீட்டு இன்னும் பாக்கி. விடுமுறைக்காக ஒரே அப்டேட்டில் பல இரவல்களின் கெடுவைத் தள்ளினால் மாடல் ஈவென்ட்கள் எழாது, அப்டேட்டட்அட் (கடைசியாகத் திருத்திய நேரம்) மட்டும் தானாக மாறும். அந்த ஈவென்ட்களைக் கவனிக்கும் அப்சர்வரை நம்பிக் கேஷை அழிக்க முடியாததால், கேஷ் கிளாஸின் கெடுநீட்டு மெத்தடிலேயே அழிக்கும் வரியை எழுத வேண்டும்.