சொந்தமாகக் கட்டிய செயலியுடன் எஸ்டி கார்டை இணைத்த அனுபவம்

74 வரிசைச் சில்லுகளை (எளிய தர்க்கச் செயல்களைச் செய்யும் சிறு சில்லுகள்) கொண்டு நான் கட்டிய 8 பிட் செயலி சீராக இயங்கத் தொடங்கியதும், மின்சாரம் போனாலும் நிரல்கள் அழியாமல் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. எஸ்டி கார்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம், பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பி, நான்கே சமிக்ஞைக் கம்பிகளில் பேசும் எஸ்பிஐ முறை அதில் இருப்பதுதான். இம்முறையில் கிளாக் துடிப்பைத் தருவது செயலியே. துடிப்பு வராதவரை கார்டு அடுத்த பிட்டை வெளியே தள்ளாது என்பதால், 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியும் தன் வேகத்திலேயே அதனுடன் பேச முடிகிறது.

முதலில் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. கார்டு 3.3 வோல்ட்டில் இயங்குவது. என் செயலியோ 5 வோல்ட். கார்டுக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும், 3.3 வோல்ட்டில் இயங்கியபடியே 5 வோல்ட் உள்ளீட்டைத் தாங்கும் 74எல்விசி125 என்ற இடைநிலைச் சில்லு வழியாக அனுப்பினேன். திரும்பி வரும் கம்பியை 74 வரிசையின் ஹெச்சி வகைச் சில்லுக்குக் கொடுக்கவில்லை. 5 வோல்ட்டில் அது 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் 1 என்று உறுதியாக ஏற்கும். அதே வரிசையின் ஹெச்சிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். கார்டின் மின் தேவை திடீரென உயரும் என்பதால் சாக்கெட்டுக்கு அருகிலேயே ஒரு கெபாசிட்டரையும் வைத்தேன்.

பிட்டுகளை நகர்த்த ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களை (ஒவ்வொரு துடிப்புக்கும் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தும் சில்லுகள்) சேர்க்கலாம், வேகமும் கூடும். ஆனாலும் தொடக்கத்தில் மென்பொருளிலேயே ஒவ்வொரு பிட்டாக அனுப்புவதைத்தான் பரிந்துரைப்பேன். கிளாக்கை எந்த இடத்திலும் நிறுத்தி, கம்பிகளின் நிலையை எல்இடியில் பார்க்க முடிகிற வசதி வேறு வழியில் கிடைக்காது.

கார்டை எழுப்பும் வரிசை கண்டிப்பானது. மின்சாரம் கொடுத்துச் சற்றுக் காத்திருந்து, சிப் செலக்ட் கம்பியையும் (தாழ்ந்திருக்கும்போது கார்டைத் தேர்ந்தெடுப்பது) கார்டுக்குச் செல்லும் தரவுக் கம்பியையும் உயர்நிலையில் வைத்தபடி குறைந்தது 74 துடிப்புகள் தர வேண்டும். நான் பத்து பைட், அதாவது 80 துடிப்புகள் தந்தேன். பிறகு சிப் செலக்டைத் தாழ்த்தி, கட்டளை 0-ஐ ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களில் 40, நான்கு 00, 95 என்று ஆறு பைட்டுகளாக அனுப்பினேன். கடைசி பைட் பிழை சரிபார்ப்புக்கானது. எஸ்பிஐ முறைக்கு மாறியபின் பெரும்பாலான கட்டளைகளுக்குக் கார்டு அதைச் சோதிப்பதில்லை என்றாலும், இந்த முதல் கட்டளையை வாங்கும்போது அது இன்னும் தன் இயல்பான எஸ்டி முறையிலேயே இருப்பதால் 95 சரியாக இருந்தே ஆக வேண்டும். பதில் உடனே வராது. எஃப்எஃப் பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் எட்டு பைட்டுகளுக்குள், கட்டளையை ஏற்றதற்கு அடையாளமாக 01 வரும். எல்இடி வரிசையில் கடைசி விளக்கு மட்டும் எரிவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

அடுத்து கட்டளை 8-உடன் அனுப்பிய 1ஏஏ என்ற மதிப்பு அப்படியே திரும்பி வந்தது. பின்னர் 55, 41 ஆகிய இரு கட்டளைகளையும், கார்டு தயார் என்று காட்டும் 00 பதிலாக வரும்வரை மாறி மாறி அனுப்பினேன். கட்டளை 58-இன் பதிலில் 30-ஆம் பிட்டைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது: அது 1 என்றால் வாசிக்கவும் எழுதவும் தர வேண்டிய முகவரி, 512 பைட் கொண்ட பிளாக்கின் (தரவுத் தொகுதியின்) எண், 0 என்றால் பைட்டின் எண்.

வாசிக்கும் கட்டளை 17-க்குப் பின் எஃப்இ என்ற அடையாளம் வரும்வரை காத்திருந்து, 512 பைட்டுகளையும் இரண்டு சரிபார்ப்பு பைட்டுகளையும் எடுக்க வேண்டும். என் செயலியில் இடத்தை எண்ணும் இண்டெக்ஸ் ரெஜிஸ்டர் 8 பிட்தான் என்பதால் 256 பைட்டுகளாக இருமுறை சுற்றினேன். பிளாக் 0-இன் இறுதியில் வழக்கமாக இருக்கும் அடையாளமான 55, ஏஏ வந்திருந்ததால் வாசிப்பு சரியென்று தெரிந்தது. வேலை முடிந்து சிப் செலக்டை உயர்த்தியபின்னும் எட்டுத் துடிப்புகள் தருகிறேன். அவை இல்லாமல் கார்டு தன் வெளியீட்டுக் கம்பியை விடாது; அதே கம்பியில் வேறு கருவி இருந்தால் இரண்டும் மோதும்.

எழுதுவதற்குக் கட்டளை 24. தரவை ஏற்றதும் பதிலின் கடைசி ஐந்து பிட்டுகள் 00101 ஆகும். அதன்பின் எழுதி முடிக்கும்வரை கார்டு கம்பியைத் தாழ்த்தியே வைத்திருக்கும். அது உயரும்வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. இப்போது ரோமில் உள்ள சிறு நிரல், நான் எழுதி வைத்த பிளாக்கை ரேமில் ஏற்றி அங்கிருந்தே ஓடத் தொடங்குகிறது.